லோகேஸ்வரி ஓட்டிய பாட்டு

மலேசியாவில், கிள்ளானை அடுத்த மேருவில் இருக்கும் அந்தக் கிடங்கில் மொத்தம் ஆறு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்கள். ஐந்து பேர் ஆண்கள், ஆறாவது ஆள் லோகேஸ்வரி. இந்தக் கதை அந்த ஆறாவது ஆளைப் பற்றியது. மற்ற ஐந்து பேரும் கோபித்துக்கொள்ளக் கூடாது, அவர்களைப் பற்றி எழுத வேறு யாராவது கிடைப்பார்கள்.

ஃபோர்க்லிஃப்ட் தெரியுமல்லவா? முன்னால் இரண்டு இரும்புக் கைகளை நீட்டிக்கொண்டு, பெட்டி அடுக்கிய மரப்பலகைத் தட்டை, அதாவது பேலட்டை, அலாக்காகத் தூக்கி மூன்று ஆள் உயரத்தில் வைத்துவிட்டு வருமே, அதுதான். லோகேஸ்வரி அதே கிடங்கில் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தவள். பதினோரு வருடங்களுக்கு முன் ஓட்டுநர் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போனார். லைசென்ஸ் எடுக்க யாருக்கு விருப்பம் என்று சூப்பர்வைசர் லிம் கேட்டபோது இவள் கையைத் தூக்கினாள். சிரித்தவர்கள் சிரித்தார்கள். முதல் வாரத்திலேயே ஒரு பேலட் கிச்சாப் பாட்டில்களை, சோயா சாஸ்தான், சாய்த்தாள். தரையெல்லாம் கறுப்பாக ஓடியது, மூன்று நாளைக்குக் கிடங்கே சமையல்கட்டுபோல் மணத்தது. அதோடு சரி. அதற்கப்புறம் இன்றுவரை அவள் கையால் ஒரு பாட்டில் உடைந்ததில்லை. நம்பாதவர்கள் லிம்மைக் கேட்டுக்கொள்ளலாம்.

கணவர் கமலநாதன் லோரி ஓட்டுகிறார். வாரத்தில் நான்கு நாள் ஜோகூர் சாலையில் இருப்பார். ஒரே மகள் மலர்விழி, இருபது வயது, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கல்லூரியில் ஊடகத் தொழில்நுட்பம் படிக்கிறாள், கடைசிப் பருவம். அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே குணம். இரண்டு பேரும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்கள். அந்த வாய்தான் வம்பை வீட்டுக்குள் இழுத்து வந்தது.

மலர்விழியின் இறுதித் திட்டப்பணி ஓர் இசைக் காணொளி. மூன்று பேர் ஒரு குழு. கேமரா மலர்விழி. பாட்டை லேப்டாப்பில் கட்டியது பிரவின் என்ற பையன். பாடி நடிப்பது ருக்சார், கிள்ளானில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் யூனுஸ் அவர்களின் மகள். விரிவுரையாளர் முகுந்தன் ஒரு விதி போட்டிருந்தார். பாட்டு முழுவதும் ஒரே ஷாட்டில் இருக்க வேண்டும். வெட்டு, ஒட்டு கிடையாது. படம் ஆடினால் அந்த ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் துடைக்கவும் கூடாது. விதியை மீறினால் மதிப்பெண் இல்லை, அந்தப் பருவத்தை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியதுதான்.

பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. கேமராவைக் கையில் பிடித்து நடந்து பார்த்தார்கள். சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியில் உட்கார்ந்து எடுத்துப் பார்த்தார்கள். ருக்சாரின் மாமி ஜெய்னம்புவுடைய சக்கர நாற்காலியைக்கூடக் கடன் வாங்கிவந்து தள்ளினார்கள். டிரோன் பறக்கவிடக் கல்லூரி அனுமதிக்கவில்லை. எதில் எடுத்தாலும் படம் கிடுகிடுவென்று ஆடியது. ஒப்படைக்க ஐந்தே நாள் இருக்கும்போது மலர்விழி அதையெல்லாம் வீட்டு டிவியில் ஓடவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்த லோகேஸ்வரி ஒரு பார்வை பார்த்தாள்.

"என்னடி இது, கல்லு ரோட்டுல போற மாதிரி ஆடுது. என் வண்டில வெச்சா ஒரு சொட்டு ஆடாது."

சொல்லிவிட்டுக் கீரைக்குத் திரும்பிவிட்டாள். மகள் விடுவாளா? அன்றிரவே மூன்று பிள்ளைகளும் கைப்பேசியில் பேசி முடிவு செய்துவிட்டார்கள். பாட்டும் பொருத்தமாகத்தான் இருந்தது. வேலைக்குப் போகிற பெண்களைப் பற்றிய பாட்டு அது. 'பெட்டிக்குள்ள எந்த ஊரு போகுதுன்னு தெரியல, ஒட்டி விட்ட கையி ரெண்டும் வீடு போயி உறங்கல' என்று தொடங்கும். கிடங்கை விட்டால் அதற்கு வேறு எந்த இடம் சரிப்படும்? மறுநாள் லோகேஸ்வரி லிம்மிடம் போய் நின்றாள். பதினோரு வருடத்தில் அவள் அவரிடம் தனக்கென்று கேட்ட முதல் உதவி இதுதான். லிம் யோசித்துவிட்டு, ஞாயிறு காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை எடுத்துக்கொள், பன்னிரண்டரைக்குக் கண்டெய்னர் வருகிறது என்றார். இரண்டு நிபந்தனை. இரும்புக் கைகள் மேல் ஆள் ஏறக் கூடாது. வண்டியில் எதையும் கழற்றக் கூடாது. அவளுக்கும் அதில் மறுபேச்சில்லை, அவர் சொல்லாவிட்டாலும் அவளே சொல்லியிருப்பாள்.

ஞாயிறு காலை. பேலட் மேல் கேமராவை நிறுத்தி, நான்கு பக்கமும் வார் போட்டு இறுக்கினார்கள். கேமராவுக்கு அடியில் ஒரு சின்ன மோட்டார். மலர்விழி தரையில் நின்றபடி கைப்பேசியிலிருந்தே கேமராவின் தலையைக் குனியவும் நிமிரவும் வைக்கலாம். ஆட்டம் தாங்கும் வேலை அந்த மோட்டாருக்குத் தெரியாது, தலையாட்ட மட்டும்தான் தெரியும். திட்டம் இதுதான். ருக்சார், ஸ்பீக்கரில் ஓடும் தன் பதிவுப் பாட்டுக்கு வாயசைத்து, கேமராவைப் பார்த்து முன்னால் நடந்து வருவாள். வண்டி அவளுக்கு முன்னே ரிவர்ஸிலேயே, ஆமைபோல் நகர்ந்து போகும். ஒரு நீள வரிசையைக் கடந்து, மூலை திரும்பி, அடுத்த வரிசையைக் கடந்து, லோரிகள் வந்து நிற்கும் பெரிய முற்றத்தில் நிற்கும். நின்ற பிறகு கேமரா மேலே மேலே உயரும். கீழே கிடங்கின் டேப் ஒட்டும் பெண்கள் எட்டுப் பேர் பெட்டிகளுக்கு நடுவே நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். அந்த எட்டுப் பேரும் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் லோகேஸ்வரிக்காக வந்திருந்தார்கள். மூத்தவள் மாரியாயி கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

வண்டியை வேகமாக ஓட்ட யாராலும் முடியும். மனிதர் நடையைவிட மெதுவாக, அதுவும் பின்பக்கமாக, மூன்று நிமிடத்துக்கு மேல் ஓட்டுவதுதான் வித்தை. லோகேஸ்வரி அதற்கு முந்தின மூன்று நாளும் வேலை முடிந்து அந்த வழியைக் கால்நடையாகவே நடந்து பார்த்திருந்தாள். ஏறி உட்கார்ந்தாள், பெல்ட் போட்டாள், ரிவர்ஸ் கியரைத் தட்டினாள்.

பீப், பீப், பீப் என்று வண்டி கத்தத் தொடங்கியது.

ஒரு பிள்ளையும் இதை நினைத்துப் பார்க்கவில்லை. ரிவர்ஸ் எடுத்தால் அலாரம் அடிக்கும், பின்னால் ஆள் இருந்தால் விலக வேண்டும் என்பதற்காக. கூரை உயரமான இடம், அந்தச் சத்தம் நாலு சுவரிலும் மோதித் திரும்பி வந்தது. பிரவின் வைத்திருந்த ஸ்பீக்கரில் பாட்டு ஓடுவதே தெரியவில்லை. ருக்சார் இரண்டாவது வரியிலேயே பாட்டைத் தொலைத்துவிட்டு நின்றாள். ஸ்பீக்கரைக் கூட்டினார்கள், எதிரொலிதான் கூடியது. காதில் புளூடூத் மாட்டிப் பார்த்தார்கள். பாட்டு ஒரு இமைப்பொழுது தாமதமாகக் காதுக்கு வந்ததால் உதடு பின்தங்கியது, லேப்டாப்பில் பார்த்தபோது டப்பிங் படம்போல் இருந்தது. இந்தக் கூத்தில் மணி பத்தரை ஆகிவிட்டது.

மலர்விழி வண்டியைச் சுற்றி வந்து பின்பக்கம் குனிந்து பார்த்தாள்.

"ஒரே ஒரு வயர்தாம்மா. கழட்டிட்டு, முடிஞ்சதும் மாட்டிடலாம். யாருக்கும் தெரியாது லா."

"அந்த வயர்ல கைய வெச்ச, நான் எறங்கிடுவேன்."

"அப்ப என் செமஸ்டர் போகட்டுமா?"

லோகேஸ்வரிக்கு, தனக்குத் தெரிந்த நாகையா அண்ணனின் ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு கிடங்கில் அலாரம் கெட்டுப்போன வண்டி ஒன்று ரிவர்ஸ் வந்ததில் அவருடைய வலது பாதம் போனது. ஆஸ்பத்திரியில் அவர் போர்வைக்கு அடியில் காலைத் தேடிப் பார்த்ததை இவள் பக்கத்தில் நின்று கண்டிருக்கிறாள். மகளுக்கும் அது தெரியும். தெரிந்தும் கேட்கிறாளே என்று இவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்துக்கு அடியில் பயமும் இருந்தது. ஒரு சொட்டு ஆடாது என்று பெருமை அடித்தது யார்? இவள்தானே. அந்த வாய்க்கொழுப்பால் ஒரு பருவப் படிப்பு கையைவிட்டுப் போகப்போகிறது. ஆனாலும் வயர் விஷயத்தில் அவள் பிடித்த பிடியை விடவில்லை. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தாள். டேப் ஒட்டும் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இடத்தை அடைத்து நிற்க வேண்டாம் என்று லோகேஸ்வரி வண்டியை ஓரம் கட்டப் போனாள். மறுபடி ரிவர்ஸ், மறுபடி பீப். மனசு சரியில்லாதபோது எதையாவது முனகுவது அவள் பழக்கம். அன்று வாயில் வந்தது மூன்று நாளாகக் கேட்டுக் கேட்டு மனப்பாடமான பிரவினின் பாட்டுத்தான். முனகிக்கொண்டே போனாள்.

பிரவின் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினான். கொஞ்ச நேரம் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து வண்டி பக்கம் ஓடினான். திரும்ப ஒருமுறை ரிவர்ஸ் எடுக்கச் சொன்னான், அதே மாதிரி முனகவும் சொன்னான். லோகேஸ்வரிக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் முனகினாள்.

"ஆன்டி, பீப் மேலயே தாளம் வெச்சுப் பாடுறீங்க. எப்படி?"

இதில் எப்படி என்ன இருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. பதினோரு வருடமாக அந்தச் சத்தத்துக்குத்தான் அவள் பாடிக்கொண்டிருக்கிறாள். கிடங்கில் அவளுக்கு வேறு என்ன வாத்தியம் இருக்கிறது? எந்தப் பாட்டானாலும் கொஞ்சம் இழுத்தோ கொஞ்சம் ஓட்டியோ அந்தப் பீப்பின் மேல் உட்காரவைத்துவிடுவாள். அவள் தானாகச் செய்துகொண்டிருந்த காரியம் அது.

பிரவின் கைப்பேசியில் தட்டித் தட்டி அளந்தான். அலாரம் நிமிடத்துக்கு எண்பத்து நான்கு அடி. அவன் பாட்டு தொண்ணூற்று இரண்டு. இரண்டு மாதம் தூக்கத்தைத் தொலைத்து அந்தத் தொண்ணூற்று இரண்டைப் பிடித்திருந்தான், அதைக் குறைப்பது அவனுக்குச் சொத்தை எழுதிக்கொடுக்கிற மாதிரி இருந்திருக்கும். பெருமூச்சு விட்டுவிட்டு லேப்டாப்பின் முன் உட்கார்ந்தான். குரலின் சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைத்தான். பத்தே நிமிடம். இப்போது பீப் ஒவ்வொன்றும் பாட்டின் அடி ஒவ்வொன்றின் மேலும் சரியாக வந்து விழுந்தது. ருக்சாருக்குப் பாட்டு காதில் விழாவிட்டாலும் பரவாயில்லை, பீப்பை எண்ணிப் பாடினால் போதும். கொஞ்சம் மெதுவான பிறகு பாட்டும் முன்னைவிட நன்றாக இருக்கிறது என்று மாரியாயி தீர்ப்புச் சொன்னாள். பிரவினுக்கு முகம் சுண்டியது, ஆனால் மறுக்கவில்லை.

முதல் முயற்சி பாதி வரைக்கும் பிரமாதமாகப் போனது. மூலை வந்தது. மூலை வந்தால் ஹார்ன் அடிக்க வேண்டும் என்பது கிடங்குச் சட்டம். லோகேஸ்வரியின் கை தன்பாட்டுக்குப் போய் இரண்டு தரம் அழுத்திவிட்டது. ருக்சார் துள்ளிக் குதித்தாள், பிறகு சிரிக்கத் தொடங்கியவள் நிறுத்தவில்லை. லோகேஸ்வரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். இந்த முறை மலர்விழி ஹார்ன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மாவைப் பார்த்தாள், பிரவினைப் பார்த்தாள். எத்தனை தரம் அடிப்பீங்க என்று பிரவின் மட்டும் கேட்டான். எப்போதும் இரண்டு என்றாள் லோகேஸ்வரி. பாட்டில் அந்த இடத்தில் ஒரு புல்லாங்குழல் இருந்தது. அதைத் தூக்கிவிட்டு இரண்டு ஹார்னுக்கு இடம் விட்டான்.

இரண்டாவது முயற்சியில் மாரியாயி கேமராவைப் பார்த்துக் கையசைத்துவிட்டாள். சொந்தக்காரர்களுக்குக் கையசைக்கிற மாதிரி. யாரும் அவளைத் திட்டவில்லை, திட்ட நேரமும் இல்லை. மணி பதினொன்று நாற்பது. வண்டியைப் பழைய இடத்தில் கொண்டுபோய் நிறுத்தி எல்லாவற்றையும் சரிபார்ப்பதற்குள் ஐம்பது ஆகிவிடும். ஆக, இன்னும் ஒரே ஒரு தடவை.

பிரவின் கையைத் தூக்கி விரல்களை மடக்கினான். மூன்று, இரண்டு, ஒன்று. லோகேஸ்வரி சரியாக அந்த அடியில் கியரைத் தட்டினாள். முதல் பீப்பும் பாட்டின் முதல் அடியும் ஒன்றாக விழுந்தன. பாதி கண் பின்னால், பாதி கண் கண்ணாடியில், கால் பெடல் மேல் இருக்கிறதா இல்லையா என்று அவளுக்கே தெரியாத அளவுக்கு லேசாக. பாட்டை அவள் உள்ளுக்குள் பாடிக்கொண்டே போனாள். மூலை வந்தது, இரண்டு ஹார்ன், ருக்சார் அதற்கு ஏற்றமாதிரி இரண்டு தரம் தலையைச் சாய்த்தாள். இரண்டாவது வரிசை முடிந்தது. முற்றத்தில் வண்டி நின்றது, அலாரம் ஓய்ந்தது, ஸ்பீக்கரில் பாட்டு திடீரென்று முழுசாகக் கேட்டது. கேமரா மேலே போகப் போக எட்டுப் பெண்களும் அண்ணாந்து பார்த்தார்கள். மாரியாயி கையை இறுகக் கட்டிக்கொண்டு நின்றாள், அசையவில்லை.

பாட்டு முடிந்தது. லோகேஸ்வரி கேமராவைத் தரைக்கு இறக்கி, சாவியைத் திருப்பிவிட்டுத்தான் மூச்சு விட்டாள். மலர்விழி வந்து, எண்ணெய் மணக்கிற அந்தச் சட்டையோடு அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பன்னிரண்டுக்கு லிம் எட்டிப் பார்த்தபோது தரை பெருக்கி முடிந்திருந்தது.

வியாழக்கிழமை மாலை பிரிக்ஃபீல்ட்ஸ் கல்லூரியில் திரையிடல். லோகேஸ்வரி வேலை முடிந்து கிள்ளானிலிருந்து கேடிஎம் ரயில் பிடித்து, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பூக்கடைகளைத் தாண்டி வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தாள். நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பிள்ளைகளின் பாட்டு ஆறாவதாக வந்தது. பிரவின் அந்தப் பீப்பையும் ஹார்னையும் பாட்டுக்குள்ளேயே வைத்துவிட்டிருந்தான். முடிந்ததும் கைதட்டல் பலமாகத்தான் இருந்தது.

விரிவுரையாளர் முகுந்தன் மட்டும் தட்டவில்லை. அவர் கெட்டவர் இல்லை, கறாரானவர். படம் அருமை, ஆனால் எனக்குச் சந்தேகம் இருக்கிறது என்று எல்லார் முன்னாலும் சொன்னார். இவ்வளவு நீளமான ஷாட், இவ்வளவு வழுக்கலாக, கம்ப்யூட்டரில் துடைக்காமல் வராது. அப்படித் துடைத்திருந்தால் விதி மீறல், மதிப்பெண் கொடுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமையே முடிந்தது என்று நினைத்தோமே, மகளின் படிப்பு இப்போது இங்கே வந்து போகப்போகிறதா என்று லோகேஸ்வரி நினைத்தாள்.

பிரவின் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான். கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பையும், படத்தைத் தொகுத்த மென்பொருள் பக்கத்தையும் பெரிய திரையிலேயே திறந்து காட்டினான். படத்துக்கென்று ஒரே ஒரு நீளக் கட்டம். அதில் ஒரு வெட்டு இல்லை. அதன் மேல் போட்ட வித்தைகளின் பட்டியல் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. முகுந்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார்.

"அப்ப எதுல வெச்சு எடுத்தீங்க? தண்டவாளம் போட்டீங்களா?"

"ஃபோர்க்லிஃப்ட் சார். எங்கம்மா ஓட்டுனாங்க. அதான் அவங்க வேலை. பின்னால உக்காந்திருக்காங்க," என்றாள் மலர்விழி.

அத்தனை தலையும் திரும்பியது. லோகேஸ்வரி எழுந்து நின்றாள். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கிடங்குத் தரை கண்ணாடி மாதிரி இருக்குமோ என்று முகுந்தன் கேட்டார். இந்தக் கேள்விக்கு அவளுக்குப் பதில் தெரியும். வெட்கம் போன இடம் தெரியவில்லை.

"இல்ல சார். சிமெண்டுத் தரை. அந்த வழில நாலு எடத்துல தரை வெடிச்சிருக்கு, ஒரு வெரல் நொழையும். ஒன்னொன்னுலயும் சக்கரம் எறங்குறதுக்கு முந்தியே கால எடுத்துடணும். வண்டி தானா எறங்கி ஏறும்."

நாலு வெடிப்பா என்று முகுந்தன் திருப்பிக் கேட்டார். பிறகு விளக்கை அணைக்கச் சொன்னார். பாட்டை இன்னொரு தடவை ஓடவிட்டார். இந்த முறை பாடுகிற பிள்ளையைப் பார்க்காதீர்கள், தரையை மட்டும் பாருங்கள் என்று மாணவர்களிடம் சொன்னார்.

படம் ஓடியது. வண்டி பின்வாங்கப் பின்வாங்க, அது கடந்துபோன தரை ருக்சாரின் காலடியில் விரிந்துகொண்டே வந்தது. முதல் வெடிப்பு கறுப்புக் கோடாகப் படத்துக்குள் வந்தபோது யாரோ 'அதோ' என்றார்கள். படம் அசையவே இல்லை. இரண்டாவது வந்தது. மூலை திரும்பியதும் மூன்றாவது. நாற்பது ஐம்பது பேரும் சிமெண்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான்காவது வெடிப்பும் ஆடாமல் நழுவி வந்து போனபோது முகுந்தன்தான் முதலில் கைதட்டினார்.

லோகேஸ்வரி உட்காரவில்லை, நின்றபடியே பார்த்தாள். பதினோரு வருடமாக அந்த வண்டிக்குள் இருந்திருக்கிறாள். வண்டி தரையில் எப்படிப் போகிறது என்று அவள் பார்த்ததே இல்லை. எப்படிப் பார்ப்பாள், ஓட்டுவதே அவள்தானே? இப்போது பார்த்தாள். இருட்டிலேயே பின்வரிசைக்கு வந்து பக்கத்தில் நின்ற மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லாத்தாண்டி ஓட்டுறேன்," என்றாள்.

மலர்விழி அழுதுகொண்டே தலையை ஆட்டினாள்.